வியன்னா இசைப் பயணம்: புறப்படுமுன் கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து நாள், நான்கு இரவு, மூன்று நிகழ்ச்சிகள்: பாடியே நடிக்கும் நாடகமான ஓபரா ஒன்று, ஓர் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி, நான்கைந்து பேர் மட்டும் வாசிக்கும் சிறு கச்சேரி ஒன்று. மீதி ஒரு மாலை உங்களுடையது. குழுவில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர். கூடவே தமிழில் விளக்கிச் சொல்ல நான். பெயர் பதிவு செய்தவர்களும் யோசித்துக்கொண்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

மேற்கத்திய இசையில் எனக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். எதையும் கேட்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள். பார்க்கப்போகும் ஓபராவின் கதையைப் புறப்படுமுன் இரண்டு முறை படியுங்கள். அதிலிருந்து மூன்று பாட்டுகளை நான் அனுப்புவேன். சமைக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ பத்துத் தடவையாவது காதில் விழட்டும். மூன்று மணி நேர இசைக்கு நடுவே ஏற்கெனவே தெரிந்த மெட்டு ஒன்று வந்தால், கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே இந்த வீட்டுப்பாடம்.

கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நம் இசையில் ஒற்றைக் கோடுதான். பாடகர் போகும் வழியில் வயலின் நிழலாக வரும், மிருதங்கம் கூடவே நடக்கும். இங்கே ஒரே நேரத்தில் நான்கைந்து கோடுகள் ஓடும்; அவை மோதுவதிலும் சேர்வதிலும்தான் சுவை. பழக்க தோஷத்தில் மேலே ஓடும் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், 'இதில் கமகமே இல்லையே' என்று தோன்றும். அதனால் ஒரு சின்ன வித்தை: முதல் பத்து நிமிடம், வயலின் குடும்பத்திலேயே பெரியதும் குரல் ஆழ்ந்ததுமான டபுள் பாஸ் வாத்தியங்களை மட்டும் கவனியுங்கள். அடித்தளம் எப்போது நகர்கிறது என்று காது பிடித்துவிட்டால், மேலே கட்டிய மாளிகை தானாகத் தெரியும்.

இன்னொன்று, மைக் கிடையாது. எழுபது வாத்தியங்களைத் தாண்டி ஒரு தனிக்குரல் கடைசி வரிசை வரை போய்ச் சேரும். இதை ஒலிப்பதிவில் உணரவே முடியாது. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

இவ்வளவு ஊர்கள் இருக்க, ஏன் வியன்னா?

ஹைடன், மொசார்ட், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், மாலர் என்ற பெரிய இசையமைப்பாளர்கள் எல்லோரும் வாழ்ந்து வேலை பார்த்த ஊர் என்பது ஒரு காரணம். தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் 1770. காவிரிக்கரையில் மும்மூர்த்திகள் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் டான்யூப் கரையில் ஹைடனும் பீத்தோவனும் ஷூபர்ட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முக்கியமான காரணம் வேறு. எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அரசு ஓபரா அரங்கான ஷ்டாட்ஸ்ஓப்பரிலிருந்து, தங்க மண்டபம் என்ற கச்சேரிக்கூடம் இருக்கும் முசிக்ஃபெரைனுக்கு நிதானமாக நடந்தால் ஐந்தாறு நிமிடம். அங்கிருந்து இன்னொரு கச்சேரி அரங்கான கொன்ட்செர்ட்ஹவுஸ் பத்து நிமிடம். ஓபரா அரங்கில் பருவ காலத்தில் கிட்டத்தட்ட தினமும் நிகழ்ச்சி உண்டு. அதுவும் தினம் ஒன்றாக மாறும். இன்று புச்சினியின் 'தோஸ்கா' என்றால் நாளை மொசார்ட். ஒரே படைப்பை மூன்று வாரம் தொடர்ந்து நடத்தும் ஊர்களில் ஐந்து நாள் பயணத்துக்கு இந்த வசதி கிடைக்காது.

எந்த மாதம் நல்லது?

ஓபராவின் பருவம் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஜூன் முடிவு வரை. ஜூலை, ஆகஸ்டில் அரங்கு மூடியிருக்கும். கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்களிடம், அந்த மாதங்களில் இந்தப் பயணமே இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஊர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாம் வருவது அதற்காக இல்லையே.

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழனன்று ஓபரா அரங்கில் பெரிய நடன விழா நடக்கும். நாற்காலிகளை எடுத்து, தளத்தை உயர்த்தி, அரங்கையே நடனக்கூடமாக மாற்றுவார்கள். அந்தச் சில நாட்களில் வழக்கமான நிகழ்ச்சி இருக்காது. தேதியைப் பார்க்காமல் பிப்ரவரியில் டிக்கெட் போட்டுவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

நான் குழு அழைத்துப்போவது அக்டோபர், நவம்பர், மார்ச், மே மாதங்களில். மே மாதம் என்றால் கூடுதல் வசதி ஒன்று: உள்ளே நடக்கும் ஓபராவை வெளியே கரயான் சதுக்கத்தில் பெரிய திரையில் நேரடியாகக் காட்டும் நாட்கள் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, செலவில்லாமல்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சுற்றுலாக்காரர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. பயணத்தின் மையம் மாலைதான். பகல் அதற்குப் பணிவிடை செய்ய வேண்டும். காலையில் ஒரே ஒரு இடம், இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம். மதியம் நல்ல சாப்பாடு. மூன்றிலிருந்து ஐந்து வரை விடுதியில் ஓய்வு; தூங்கினால் இன்னும் நல்லது. ஐந்தரைக்குக் கீழ்த்தளத்தில் கூடி, அன்று கேட்கப்போவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவோம். பியானோ இருந்தால் வாசித்தும் காட்டுவேன். பிறகு ஒரு சிற்றுண்டி, அரங்கு.

'இவ்வளவு செலவு செய்து வந்து தூங்குவதா?' என்று ஒவ்வொரு முறையும் ஒருவராவது கேட்பார். பகல் முழுக்க அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்கிவிட்டு, வெதுவெதுப்பான இருட்டில், பட்டு நாற்காலியில், முதல் அங்கம் முடியுமுன் குறட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விமானப் பயணக் களைப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் வந்து இறங்கும் அன்று மாலை எந்த நிகழ்ச்சியும் கிடையாது. இரண்டாம் நாள் சிறு கச்சேரி, மூன்றாம் நாள் ஆர்கெஸ்ட்ரா, நான்காம் நாள் ஓபரா. காது படிப்படியாகப் பழகட்டும் என்றுதான் இந்த வரிசை. அரங்குகளின் அட்டவணை இடம் கொடுக்காவிட்டால் வரிசை மாறும்.

எந்த ஓபராவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

முதல்முறை வருபவர்களுக்குப் புச்சினியின் 'தோஸ்கா' அல்லது 'லா போஎம்', மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' அல்லது 'மந்திரப் புல்லாங்குழல்', வெர்டியின் 'லா ட்ராவியாட்டா'. இவற்றில் அந்த வாரம் எது கிடைக்கிறதோ அது. 'தோஸ்கா' கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். வியன்னாவில் இன்றும் நடக்கும் அந்த மேடையாக்கம் 1958இல் முதலில் அரங்கேறியது. தேவாலயம் தேவாலயமாகவும் கோட்டை கோட்டையாகவும் இருக்கும். கதையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காதல், பொறாமை, ஒரு கொடுங்கோல் போலீஸ் அதிகாரி, இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஒரு கத்தி.

புதிய மேடையாக்கங்களில், 18ஆம் நூற்றாண்டுக் கோமகன் கோட்டும் சூட்டும் போட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். அது தவறில்லை, சில அற்புதமாகவும் இருக்கும். ஆனால் முதல் ஓபராவிலேயே 'யார் இவர், ஏன் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறார்' என்று குழம்ப வேண்டாமே.

வாக்னரைத் தவிர்க்கிறேன். எனக்கு உயிர்தான். ஆனால் அவருடைய 'வால்க்யூரி' இடைவேளைகளோடு ஐந்து மணி நேரம் போகும். முதல் நாளே மலையேற்றமா? சின்னதாக, ஆனால் காரசாரமாக வேண்டும் என்று கேட்கும் குழுவுக்கு ரிச்சர்ட் ஷ்ட்ராவுசின் 'சலோமே' உண்டு: இடைவேளை இல்லாமல் ஒன்றே முக்கால் மணி நேரம். இதயம் பலவீனமானவர்கள் கதையை முன்பே படித்துவிடவும்.

பாடுவது இத்தாலியமோ ஜெர்மனோ. என்ன புரியும்?

ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே ஒரு சின்னத் திரை இருக்கும். ஆங்கிலம் உட்படச் சில மொழிகளில் வரிகள் ஓடும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். தமிழ் கிடையாது, ஆகவே அந்த முக்கால் மணி நேரப் பேச்சைத் தவற விடாதீர்கள். கதை மனதில் இருந்தால் திரையைப் பார்க்கத் தேவையே இருக்காது. வரிகளைப் படித்துக்கொண்டே இருந்தால் பாடகியின் முகத்தைக் கோட்டைவிடுவீர்கள்.

எங்களுக்கு எந்த இருக்கை கிடைக்கும்?

ஓபராவில் நடுத்தர விலைப் பிரிவு. 200 யூரோவைத் தாண்டும் முன்வரிசைகள் இல்லை, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மலிவு இருக்கைகளும் இல்லை. அங்கே 'லோஜ்' எனப்படும் தனிப்பெட்டிகள் பார்க்க ராஜ கம்பீரமாக இருக்கும். ஆனால் பெட்டியின் முன்வரிசையில் உட்கார்ந்தால்தான் ராஜா. பக்கவாட்டுப் பெட்டியின் பின்வரிசையில் இருப்பவர் பாதி நேரம் எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். உச்சியில் இருக்கும் கேலரி உயரம் அதிகம், இசை மட்டும் அங்கே மிக நன்றாக ஏறி வரும். உயரத்துக்குப் பயப்படாதவர்கள் முன்பே சொன்னால் அங்கே எடுத்துத் தருகிறேன்.

முசிக்ஃபெரைனின் தங்க மண்டபம் வேறு ரகம். 1870 ஜனவரி 6 அன்று திறந்தது; கட்டியவர் தியோஃபில் ஹான்சன். செருப்பு அட்டைப்பெட்டி போல நீளமான செவ்வகம்: ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். மரத்தளத்துக்கு அடியில் வெற்றிடம், கூரையிலிருந்து தொங்கும் உட்கூரை, சுவரெங்கும் தங்கச் சிலைகளும் மேடுபள்ளங்களும். மொத்தத்தில் கட்டடமே ஒரு வீணைக்குடம். ஒலியியல் ஒரு விஞ்ஞானமாக வளருவதற்கு முன்பே இதைக் கட்டினார்கள். பிறகு உலகெங்கும் அரங்கு கட்டுபவர்கள் இதை அளந்து பார்த்தார்கள். இங்கே எங்கே உட்கார்ந்தாலும் நன்றாகக் கேட்கும். எல்லா இடத்திலிருந்தும் தெரியாது. மேடையின் பின்புறம் சில இருக்கைகள் உண்டு. வாத்தியக்காரர்களின் முதுகுக்குப் பின்னால், இசை நடத்துநரின் முகத்துக்கு நேரே. ஒலி சமநிலையில் இருக்காது, டிரம்ஸ் காதருகே இடிக்கும். இருந்தும் ஒருமுறை அங்கே உட்காருங்கள் என்பேன். அந்த முகத்தைப் பார்த்தபின் 'அவர் சும்மா கையை ஆட்டுகிறார்' என்று யாரும் சொன்னதில்லை.

நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம். சுமார் 1,700 இருக்கைகள் உள்ள ஓபரா அரங்கில் நானூறுக்கும் மேற்பட்டோர் நின்று பார்க்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விலை இருபது யூரோவுக்குள். நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பார்கள். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம் அரசவைப் பெட்டிக்கு நேர் கீழே, அரங்கின் நட்டநடுவில். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் கொடுத்திருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் கம்பியில் ஒரு துண்டோ கைக்குட்டையோ கட்டினால் அந்த இடம் உங்களுடையது. பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிவிட்டு வெளியே போய்க் காபி குடித்து வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அங்கே நிற்பவர்களில் மாணவர்கள் உண்டு, பல ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் வரும் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. பாடகர் பிசகினால் முதலில் முணுமுணுப்பது அவர்கள்தான், நன்றாகப் பாடினால் முதல் 'பிராவோ'வும் அவர்களுடையதுதான்.

குழுவின் ஓபராவுக்கு நாம் உட்கார்ந்துதான் பார்ப்போம். காலியாக இருக்கும் மாலையில் நின்று பார்க்க விரும்புபவர்களுக்கு டிக்கெட் வாங்கும் வழியைக் காட்டுகிறேன். தட்டையான செருப்பு போட்டு வாருங்கள்.

நாங்களே டிக்கெட்டும் விடுதியும் எடுத்தால் மலிவாக வருமா?

வரும். அதை மறைக்க விரும்பவில்லை. ஷ்டாட்ஸ்ஓப்பர், முசிக்ஃபெரைன், கொன்ட்செர்ட்ஹவுஸ் மூன்றும் தங்கள் இணையதளத்தில் நேரடியாக விற்கின்றன. இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டுக்கு மேலே கணிசமாக வைத்து விற்கும். முகவரியைக் கவனித்து அரங்கின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வரும், திட்டமிடப் பிடிக்கும், எந்த ஓபரா வேண்டும் என்று தெரியும் என்றால் நான் தேவையில்லை. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூட உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்கே இந்தப் பயணம்.

பழங்கால உடையும் வெள்ளைப் பொய்முடியும் அணிந்து தெருவில் டிக்கெட் விற்கிறார்களே, வாங்கலாமா?

ஸ்டெஃபான் பேராலயத்தின் முன்னாலும் ஓபராவைச் சுற்றியும் நிற்பார்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான தொகுப்புக் கச்சேரி: மொசார்ட்டில் கொஞ்சம், யோகான் ஷ்ட்ராவுஸின் வால்ட்ஸ் நடன இசை கொஞ்சம், இரண்டு பாட்டு, முடிந்தது. வாசிப்பவர்கள் தேர்ந்தவர்கள்தான், இடம் சில நேரம் தங்க மண்டபமாகவே இருக்கும். ஆனால் அது அரசு ஓபராவும் அல்ல, ஊரின் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ராவான வியன்னா பில்ஹார்மோனிக்கும் அல்ல. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் பரவாயில்லை. 'இதுதான் ஓபரா' என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களைச் சமாதானப்படுத்துவது கஷ்டம்.

வியன்னா பில்ஹார்மோனிக்கைக் கேட்க முடியுமா?

அவர்களுடைய சந்தா கச்சேரிகள் வழக்கமாகச் சனி மதியம் மூன்றரைக்கும் ஞாயிறு காலை பதினொன்றுக்கும் தங்க மண்டபத்தில் நடக்கும். சந்தா குடும்பம் குடும்பமாகப் பல காலம் கைமாறாமல் இருக்கும். வெளியாளுக்குச் சீட்டு கிடைப்பது அதிர்ஷ்டம். ஜனவரி முதல் தேதிக் கச்சேரிக்கு இணையத்தில் பதிவு செய்து குலுக்கலில் பெயர் வர வேண்டும். இவற்றை நான் உத்தரவாதம் தருவதில்லை.

பலருக்குத் தெரியாத குறுக்கு வழி ஒன்று சொல்கிறேன். 1842இல் ஓட்டோ நிக்கோலாய் தொடங்கிய இந்தக் குழுவின் உறுப்பினர்கள் எல்லோரும் ஓபரா ஆர்கெஸ்ட்ராவிலிருந்துதான் வருகிறார்கள். ஓபரா குழியில் சில ஆண்டுகள் வாசித்துத் தேறினால்தான் பில்ஹார்மோனிக்கில் சேர முடியும். அதாவது, ஓபராவுக்குப் போனாலே மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பது அதே கைகள்தான். இடைவேளையில் முன்னால் போய்க் குழிக்குள் எட்டிப் பாருங்கள். அவர்களுடைய ஓபோ, ஹார்ன் ஆகிய ஊது வாத்தியங்கள் மற்ற ஊர்களில் வாசிப்பவற்றிலிருந்து மாறுபட்ட வியன்னா வகை. வியன்னா ஹார்ன் வாசிக்கக் கடினம், பிசிறு தட்டும் ஆபத்து அதிகம். அதன் ஒலிக்காகவே விடாமல் வைத்திருக்கிறார்கள்.

என்ன உடுத்த வேண்டும்? புடவை, வேட்டி கட்டலாமா?

கட்டாய உடை இல்லை. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் மட்டும் வேண்டாம், வாசலில் தடுக்கக்கூடும். பட்டுப்புடவை அருமையாகப் பொருந்தும். இடைவேளையில் பாட்டிமார்கள் வந்து தொட்டுப் பார்த்து விசாரிப்பார்கள். வேட்டி சட்டை மேல் ஒரு கோட் போட்டு வந்தவரும் உண்டு, கம்பீரமாகவே இருந்தார். குளிர் மாதம் என்றால் உள்ளே வெப்ப உடை அவசியம். மேலங்கியை உடைகள் வைக்கும் அறையில் கொடுத்துவிட வேண்டும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணாடி வளையல் அடுக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். தங்க மண்டபத்தில் மெல்லிய வயலின் இழை ஒன்று மறையும் கணத்தில், ஒரு கை முந்தானையைச் சரிசெய்தால் பத்து வரிசைக்குக் கேட்கும். வாத்தியத்துக்குக் கிடைக்கும் அதே ஒலிச்சலுகை வளையலுக்கும் கிடைக்கிறது.

எப்போது கைதட்ட வேண்டும்?

சிம்பொனியிலும், தனி வாத்தியக்காரர் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கான்செர்ட்டோவிலும் பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை. பெரும்பாலான சிம்பொனிகளுக்கு நான்கு பகுதி, கான்செர்ட்டோவுக்கு மூன்று. எண்ணிக்கை தப்பினால் நடத்துநரின் கையைப் பாருங்கள்: கை இறங்கி, அவர் திரும்பும்போது தட்டலாம். ஓபராவில் ஒரு பாட்டு பிரமாதமாக முடிந்தால் நடுவிலேயே தட்டலாம், பிராவோ சொல்லலாம். பெண் பாடகிக்குப் 'பிராவா' என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். வாக்னரின் 'பார்சிஃபால்' முதல் அங்கம் முடிந்தால் வியன்னாவில் யாரும் தட்டமாட்டார்கள். அது கிட்டத்தட்ட வழிபாடு. நாம் போகப்போவதில்லை, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் தாளம் போடும் பழக்கம் உள்ளவர்கள் விரல்களைக் கட்டிப்போடுங்கள். தொடையில் மெல்லத் தட்டினாலும் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். தலையாட்டலாம், அதற்குத் தடையில்லை.

தாமதமாக வந்தால்?

கதவு மூடியிருக்கும். இடைவேளை வரை வெளியே உள்ள திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். யாருக்காகவும் திறக்க மாட்டார்கள். நிகழ்ச்சி ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கு உள்ளே இருப்போம். இருமல் வருபவர்கள் மிட்டாயை உறையிலிருந்து முன்பே பிரித்து வைத்துக்கொள்ளவும். நடக்கும்போது படமெடுக்கக் கூடாது.

பகலில் எங்கெல்லாம் போவோம்?

ஓபரா அரங்கின் உள்ளே ஒரு காலை. 1869 மே 25 அன்று மொசார்ட்டின் 'டான் ஜொவான்னி'யோடு திறந்த இந்தக் கட்டடத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. கட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரே தெருவின் மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டது. 'மூழ்கிய பெட்டி' என்று ஊர் கேலி பேசியது. கட்டிய இருவரில் ஃபான் டெர் நியூல் 1868இல் தற்கொலை செய்துகொண்டார்; கூட்டாளி சிக்கார்ட்ஸ்பர்க் சில வாரங்களில் நோயால் இறந்தார். இருவருமே திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்து அரங்கும் மேடையும் எரிந்தன. முகப்பும் பெரிய மாடிப்படியும் தப்பின. பத்து ஆண்டு கழித்து, 1955 நவம்பர் 5 அன்று, சிறையிலிருந்து விடுதலை பெறும் கதையான பீத்தோவனின் 'ஃபிடெலியோ'வோடு மறுபடி திறந்தார்கள். அந்த மாடிப்படியில் ஏறும்போது இது நினைவிருந்தால் போதும்.

இரண்டாம் காலை டோம்காசே 5இல் உள்ள மொசார்ட் வீடு. 1784 முதல் 1787 வரை இருந்து 'ஃபிகாரோ'வை எழுதியது இங்கே. அறைகளில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வழியில், 1808 டிசம்பர் 22 அன்று பீத்தோவன் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளை ஒரே இரவில் முதன்முதலாகக் கேட்கவைத்த தியேட்டர் அன் டெர் வீன் வாசலில் நின்று போவோம். நான்கு மணி நேரக் கச்சேரி, கடுங்குளிர், போதாத ஒத்திகை.

மூன்றாம் காலையைத்தான் குழுவில் பலர் கடைசிவரை பேசுவார்கள். 71ஆம் எண் டிராமில் ஏறி மத்தியக் கல்லறைக்குப் போவோம். 'அவர் 71இல் போய்விட்டார்' என்றால் வியன்னாவில் இறந்துவிட்டார் என்று பொருள். 32அ பிரிவில் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், யோகான் ஷ்ட்ராவுஸ் எல்லோரும் அக்கம்பக்கம். நடுவில் மொசார்ட்டுக்கு நினைவுச் சின்னம் மட்டும். அவர் புதைக்கப்பட்டது வேறொரு கல்லறையில். 1827இல் பீத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் தீவட்டி ஏந்தி நடந்தவர்களில் ஷூபர்ட்டும் ஒருவர். அடுத்த ஆண்டே, 31 வயதில், அவரும் போய்விட்டார். அங்கே நான் அதிகம் பேசுவதில்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். வியன்னா உருளைக்கிழங்கு சாலட் பார்க்க அப்பாவியாக இருக்கும். பல இடங்களில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றித்தான் பிசைவார்கள். தெளிவான சூப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான். பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே (முட்டை சேர்த்த குட்டை நூடுல்ஸ்), காளான் உணவுகள், ஆப்பிள் ஷ்ட்ரூடல் ஆகியவை சைவர்களுக்குத் துணை. நாமாகப் போகும் உணவகங்களில் நான் ஜெர்மனில் கேட்டுச் சொல்கிறேன். ஓபராவுக்கு முன் லேசாகச் சாப்பிடுங்கள். இடைவேளைக்கான சிற்றுண்டியை முன்பே சொல்லிப் பணம் கட்டிவிட்டால் மேசையில் தயாராக இருக்கும், வரிசையில் நின்று இடைவேளையைத் தொலைக்க வேண்டாம். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், மருந்து மாத்திரையைச் சனிக்கிழமையே வாங்கிவிடவும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் வரலாமா?

அரங்குகளில் மின்தூக்கி உண்டு. சக்கர நாற்காலிக்கும் இடம் உண்டு, முன்பே பதிவு செய்ய வேண்டும். நாளுக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடை இருக்கும். பழைய நகரில் சில தெருக்கள் கல் பாவியவை. டிராம் எங்கும் ஓடுகிறது. பதிவு செய்யும்போதே உண்மையைச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

செலவில்லாமல் நல்ல இசை ஏதாவது?

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அகுஸ்டீனர் தேவாலயம். பூசையோடு சேர்த்து ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் எழுதிய வழிபாட்டு இசையைச் சேர்ந்திசைக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் பாடி வாசிக்கும். அந்த இசை எப்படிப்பட்ட இடத்துக்காக எழுதப்பட்டதோ அப்படிப்பட்ட இடத்திலேயே கேட்கலாம். வழிபாடு நடப்பதால் நடுவில் எழுந்து போகாதீர்கள். காணிக்கைத் தட்டு வரும்போது ஏதாவது போடுங்கள்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை காத்திருந்தால் நேர ஒதுக்கீடே கிடைக்காமல் போகும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

பிரபல பாடகர் கடைசி நேரத்தில் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. தொண்டை கட்டினால் பாட முடியாது, அது யாருக்கும் நடக்கும். வேறொருவர் அன்று மதியம் விமானத்தில் வந்து இறங்கிப் பாடுவார். சில மறக்க முடியாத இரவுகள் அப்படித்தான் அமைந்தன.

எனக்கு ஓபரா பிடிக்காவிட்டால் இடைவேளையில் கிளம்பலாமா?

கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். விடுதிக்கு டிராமில் சில நிறுத்தங்கள்தான். போவதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தேட வேண்டியிருக்கும். உங்கள் இருக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஒரு மாணவர் முதல் அங்கத்திலேயே அதன்மேல் கண் வைத்திருப்பார்.